சாய்ந்தால் சட்டை ஏறுகிறது, கால் தூக்குகிறது: அலுவலக நாற்காலிக்கு எந்த மெக்கானிசம், எந்தெந்த அட்ஜஸ்ட்மென்ட்?

#1 பட்டறைவாசி

வணக்கம். அலுவலக நாற்காலி மாடல் ஒன்று தயாரிப்புக்குப் போகவிருக்கிறது. மெக்கானிசம் (இருக்கைக்கு அடியில் சாய்வைக் கட்டுப்படுத்தும் பகுதி), கேஸ் லிஃப்ட் (உயரம் மாற்றும் நடுத்தண்டு), ஐந்து கால் பேஸ், சக்கரம் எல்லாம் வெளியே வாங்குவது. இருக்கைப் பலகை, ஃபோம், முதுகுச் சட்டம் சொந்த வேலை. இருக்கை ஆழம் 48 செ.மீ., அகலம் 50. வளைத்து அழுத்திய 12 மி.மீ. பிளைவுட், அதன்மேல் 50 மி.மீ. ஃபோம். லிஃப்டின் ஸ்ட்ரோக், அதாவது ஏறி இறங்கும் தூரம், 100 மி.மீ.; இருக்கை உயரம் 45 முதல் 55 செ.மீ. வரை.

இரண்டு மெக்கானிசங்களை மாட்டிப் பார்த்தாயிற்று.

அ) இருக்கையும் முதுகும் கோணம் மாறாமல் சேர்ந்து சாய்வது. அச்சு (சுழலும் புள்ளி) நடுத்தண்டுக்கு நேர் மேலே. 15 டிகிரி சாய்ந்தால் பாதம் தரையை விட்டு எழும்பிவிடுகிறது.

ஆ) முதுகு மட்டும் தனியே சாய்வது. அச்சு இருக்கையின் பின்பக்கம், பலகைக்குக் கீழே. இதில் சட்டை மேலே இழுபடுகிறது, இடுப்புக்குப் பின்னால் இடைவெளி விழுகிறது.

இது போக, உயரம் குறைந்தவர்கள் முதுகைத் தொடுவதே இல்லை; முன்விளிம்பில் உட்கார்ந்துவிடுகிறார்கள். மெலிந்தவர்களால் சாய்க்க முடியவில்லை, கனமானவர்கள் தொபுக்கென்று பின்னால் போகிறார்கள். மெக்கானிசத்தை மாற்றத் தயார். அதற்கு மேல் இரண்டே இரண்டு வசதிதான் அடக்க விலைக்குள் வரும். எவை?

#2 நெம்புகோல்

முதலில் அச்சு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

உட்கார்ந்தவரின் இடுப்பு மூட்டு இருக்கைப் பரப்புக்கு 9 செ.மீ. மேலே, முதுகுச் சாய்மானத்துக்கு 12–14 செ.மீ. முன்னால் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலுடல் அந்த மூட்டைச் சுற்றித்தான் சாய்கிறது. நாற்காலி முதுகு வேறொரு புள்ளியைச் சுற்றிச் சாய்கிறது. இரண்டுக்கும் உள்ள தூரம்தான் சட்டையை இழுப்பது.

உங்கள் ‘ஆ’ வகையில் முதுகின் அச்சு இடுப்பு மூட்டுக்கு ஏறக்குறைய 17 செ.மீ. கீழே, 10 செ.மீ. பின்னால் வரும். 20 டிகிரி என்பது 0.35 ரேடியன். மூட்டுக்குக் கீழே இருக்கும் தூரம் இடைவெளியாகிறது: 17 × 0.35 = 6 செ.மீ. பின்னால் இருக்கும் தூரம் உரசலாகிறது: 10 × 0.35 = 3.5 செ.மீ. அதாவது முதுகுத் துணி உடம்பின் மேல் மூன்றரை செ.மீ. மேல்நோக்கித் தேய்க்கிறது. சட்டை ஏறாமல் என்ன செய்யும்?

‘அ’ வகையில் உரசல் இல்லை. எல்லாம் சேர்ந்தே சுழல்கிறது. ஆனால் தண்டிலிருந்து முன்விளிம்பு 25 செ.மீ. தள்ளி இருப்பதால் 15 டிகிரிக்கு 6.5 செ.மீ. எழும்புகிறது. தொடைக்கு அடியில் அழுத்தம், பாதம் அந்தரத்தில்.

உங்களுக்கு வேண்டியது 2:1 சிங்க்ரோ. முதுகு 20 டிகிரி போனால் இருக்கை 10 டிகிரி போகும். அதன் இருக்கை அச்சு முன்பக்கம், இடுப்பு மூட்டுக்கு 25 செ.மீ. முன்னால் இருந்தால், சாயும்போது இடுப்பு 4.4 செ.மீ. இறங்கும், 3 செ.மீ. பின்னால் போகும். முன்விளிம்பு இரண்டு செ.மீ.க்குள்தான் எழும்பும். முதுகின் அச்சு இடுப்புக்கு 10 செ.மீ. முன்னால், அதாவது தண்டுக்குப் பக்கத்தில் இருந்தால், முதுகும் 3.5 செ.மீ. இறங்கும். 4.4-க்கும் 3.5-க்கும் உள்ள வித்தியாசம்தான் மிச்ச உரசல்: ஒரு செ.மீ.க்குள். இடைவெளியும் பாதியாகிறது.

எச்சரிக்கை ஒன்று. ‘சிங்க்ரோ’ என்று முத்திரை குத்தி விற்கும் எல்லாமே இப்படி இல்லை. இருக்கையை முன்பக்க அச்சில் இறக்கிவிட்டு, முதுகின் அச்சைப் பின்னாலேயே வைத்திருக்கும் மலிவான மாடல்களில் இருக்கை இறங்க, முதுகு ஏற, உரசல் 8 செ.மீ. வரை போகும். அது உங்கள் ‘ஆ’வை விட மோசம். வாங்குமுன் அச்சு ஊசிகள் எங்கே இருக்கின்றன என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள்.

#3 முதுகுத்தண்டு

நெம்புகோல் சொன்ன கணக்கு சரி. ஆனால் குள்ளமானவர்கள் முதுகைத் தொடவில்லை என்பதை வரிசையில் கடைசிக்குத் தள்ளாதீர்கள். அவர்களைப் பொறுத்தவரை இது முதுகே இல்லாத நாற்காலி.

பிட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை உள்ள நீளம் சிறிய உடல்வாகுப் பெண்களுக்கு 43 செ.மீ. அளவில் தொடங்கி, பெரிய ஆண்களுக்கு 54–55 வரை போகிறது. மடிப்புக்கும் முன்விளிம்புக்கும் நடுவில் 5 செ.மீ., அதாவது இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். ஆக தேவைப்படும் ஆழம் 38 முதல் 49 வரை. நீங்கள் வைத்திருக்கும் 48 மிக உயரமானவர்களுக்கு மட்டும் பொருந்தும். மற்றவர்கள் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் விளிம்பு முழங்கால் மடிப்பில் குத்துகிறது. அதைத் தவிர்க்க முன்னால் நகர்கிறார்கள், முதுகு விட்டுப்போகிறது, இடுப்பெலும்பு பின்னால் உருண்டு கீழ்முதுகு கூன் போடுகிறது. நீங்கள் எவ்வளவு நல்ல லம்பார் (கீழ்முதுகுத்) தாங்கு வைத்தாலும் அது காற்றைத்தான் தாங்கும்.

இடுப்புக்கும் தொடைக்கும் உள்ள கோணம் குறையக் குறையக் கீழ்முதுகின் இயல்பு வளைவு தட்டையாகிறது என்பதை 1953-இலேயே கீகன் என்ற மருத்துவர் எக்ஸ்ரே படங்களோடு காட்டிவிட்டார். சாய்மானத்தின் வேலை அந்தக் கோணத்தைத் திறப்பது. அது நடக்க ஆள் முதுகைத் தொட்டபடி உட்கார வேண்டும்.

என் ஓட்டு: ஒன்று, இருக்கை ஆழம் மாற்றும் ஸ்லைடர். இரண்டு, லம்பார் உயரம்.

#4 சிக்கனம்

ஸ்லைடருக்கு நான் எதிர்ப்பு. இருக்கையை 43 செ.மீ.க்கு வெட்டுங்கள், முன்விளிம்பை அருவி போல் கீழே வளையுங்கள், முடிந்தது. ஸ்லைடர் என்றால் நைலான் ரெயில், பூட்டு, லீவர், ஸ்பிரிங். எல்லாம் ஆட்டம் காணும், கிரீச்சிடும். அதோடு வாங்கிய பிறகு அந்த லீவரை யாரும் தொடப்போவதில்லை.

லம்பார் பேட் ஆழத்தைத் தின்னும் என்பதையும் யாரும் சொல்லவில்லை. 3 செ.மீ. துருத்தினால் 48 என்பது 45 ஆகிவிடும். ஆழத்தை அளக்க வேண்டியது சட்டத்திலிருந்து அல்ல, பேடின் முகத்திலிருந்து.

#5 முதுகுத்தண்டு

@சிக்கனம், 43-க்கு வெட்டினால் பெரிய ஆளுக்குத் தொடையில் 10–12 செ.மீ. அந்தரத்தில் நிற்கும். எடை முழுக்க உட்காரும் எலும்புகளில் விழும். ஒரே அளவுதான் முடியும் என்றால் 43 சரி; நீளமாக இருப்பதை விடக் குட்டையாக இருப்பது குறைந்த தீமை. ஆனால் இங்கே இரண்டு வசதிக்கு இடம் இருக்கிறதே.

லீவரை யாரும் தொட மாட்டார்கள் என்ற வாதத்துக்கு ஏற்கனவே பதில் உண்டு. 1994-இல் வெளிவந்த ஏரான் நாற்காலியை ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக ஸ்டம்ப்பும் சாட்விக்கும் வடிவமைத்தபோது ஸ்லைடரே வைக்கவில்லை. ஏ, பி, சி என்று மூன்று அளவில் நாற்காலியையே செய்தார்கள். உங்களால் மூன்று வார்ப்பு அச்சு செய்து மூன்று அளவை இருப்பில் வைக்க முடியுமா? முடியாதென்றால் ஸ்லைடர்தான்.

#6 சுருள்வில்

டென்ஷன், அதாவது சாயும்போது முதுகு காட்டும் எதிர்விசை, பற்றி யாரும் பேசவில்லை. ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள்.

தலை, கை, மேலுடல் சேர்ந்தால் உடல் எடையில் மூன்றில் இரண்டு பங்கு. 70 கிலோ ஆளுக்கு 47 கிலோ. அதன் எடைமையம் இடுப்பு மூட்டிலிருந்து 31 செ.மீ. மேலே. செங்குத்திலிருந்து 10 டிகிரி சாய்ந்தால் முதுகு தாங்க வேண்டிய திருப்புவிசை 25 நியூட்டன் மீட்டர். 20 டிகிரிக்கு 49. இரண்டு செய்தி இதில் இருக்கிறது. ஒன்று, சாயச்சாய விசை ஏறிக்கொண்டே போகிறது. ஸ்பிரிங்கும் அதே சரிவில் ஏற வேண்டும். வெறும் முன்னழுத்தம் (சாய்வதற்கு முன்பே ஸ்பிரிங் அழுந்தியிருக்கும் அளவு) அதிகமாகவும் ஸ்பிரிங் விறைப்பு குறைவாகவும் இருந்தால், முதலில் அசையவே அசையாது, அசைந்ததும் தொபுக்கென்று போகும். கனமானவர்களுக்கு நடப்பது இதுதான். இரண்டு, 50 கிலோ ஆளுக்கும் 100 கிலோ ஆளுக்கும் தேவை சரியாக இரண்டு மடங்கு வித்தியாசம். திருகு குமிழ் ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தை மட்டும் மாற்றுகிறது, விறைப்பை அல்ல. அதனால்தான் எவ்வளவு திருகினாலும் யாராவது ஒருவருக்கு ஒத்துவராது.

விசைக்கை நீளத்தை மாற்றும் வகை இருக்கிறது. குமிழைத் திருப்பினால் ஸ்பிரிங் அழுந்துவதில்லை. அது தாங்கும் புள்ளி அச்சிலிருந்து தள்ளிப்போகிறது. விறைப்பே மாறுகிறது, சில சுற்றுகளில் முழு வீச்சும் கிடைக்கும், திருப்பவும் லேசு. விலை கூடுதல்தான், ஆனால் தகும்.

#7 சிக்கனம்

குமிழே வேண்டாமே. எடை அறியும் மெக்கானிசம் போடுங்கள். சாயும்போது ஆளையே தூக்கி, அவர் எடையாலேயே சமன் செய்வது. 1999-இல் நீல்ஸ் டிஃப்ரியன்ட் வடிவமைத்த ஃப்ரீடம் நாற்காலி அப்படித்தான்.

#8 சுருள்வில்

அழகான கணக்கு அது. 70 கிலோ ஆள் 20 டிகிரி சாயும்போது 47 கிலோ மேலுடல் 1.9 செ.மீ. இறங்குகிறது. இருக்கையில் தங்கும் எடை ஏறக்குறைய 61 கிலோ. அதை 1.5 செ.மீ. தூக்கினால் ஆற்றல் சமன். ஆள் 50 கிலோவோ 100 கிலோவோ, அந்த ஒன்றரை செ.மீ. மாறாது. ஸ்பிரிங் தேவையே இல்லை போலத் தோன்றும்.

நடைமுறையில் மூன்று தொந்தரவு. மேசையில் முழங்கை ஊன்றினால் இருக்கையில் எடை குறைந்து முதுகு திடீரென்று லேசாகிவிடும். மேலுடல் கனம், கால் மெலிவு என்றிருக்கும் ஆளுக்கு விகிதம் பொருந்தாது. மாற்றிக்கொள்ள குமிழும் கிடையாது. மூன்றாவது, இருக்கை மேலே ஏறுவதால் நெம்புகோல் சொன்ன இறக்கக் கணக்கு தலைகீழாகிறது. அச்சுகளை மொத்தமாக வேறு இடத்தில் வைக்க வேண்டும். வாங்கி மாட்டும் பட்டறைக்கு அது ஒத்துவராது. ஒரே நாற்காலியில் நாளுக்கு நாலு பேர் மாறி மாறி உட்காரும் இடத்துக்கு மட்டும் யோசிக்கலாம்.

முதுகின் சாய்வைப் பிடித்து நிறுத்தும் பூட்டை வாங்கும்போது ஒன்று கவனியுங்கள்: முதுகைப் பின்னோக்கி ஒரு முறை அழுத்தினால்தான் விடுபட வேண்டும். இந்தப் பாதுகாப்பு இல்லாத மெக்கானிசத்தில் லீவரைத் தட்டியதும் முதுகு பாய்ந்து வந்து பிடரியில் அறையும்.

#9 லிஃப்ட்காரர்

உயரம் 45-இல் தொடங்குகிறது என்பதைப் பார்த்துவிட்டு எல்லோரும் எப்படி அமைதியாக இருக்கிறீர்கள்? பட்டறைவாசி தம்பி, உங்கள் குள்ளமானவர்கள் முன்விளிம்புக்கு வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான். பாதம் எட்டவில்லை. சிறிய உடல்வாகுக்கு முழங்கால் மடிப்பு உயரம் 36 செ.மீ. அளவில், காலணிக்கு 2–3 சேர்த்தால் 39. ஈஎன் 1335 என்ற ஐரோப்பியத் தர விதியில் ஏ வகை நாற்காலிக்கு 40 முதல் 51 வரை கேட்கிறார்கள். அதை இலக்காக வையுங்கள்.

அளக்கும்போது வெறும் இருக்கையை அளக்காதீர்கள். எடை வைத்து, ஃபோம் அமுங்கிய பிறகு அளக்க வேண்டும். அங்கேயே 2–3 செ.மீ. கிடைக்கும். மிச்சம் வெளிக்குழாயைக் குட்டையாக்கி எடுக்க வேண்டும். ஆனால் குழாய் குட்டையானால் உள்ளே பிஸ்டன் உருளைக்குக் கிடைக்கும் பிடிமானமும் குறையும். முழுக்க உயர்த்தினால் இருக்கை ஆடும். அந்த ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் குழாயின் மேல்வாயில் இருக்கும் பிளாஸ்டிக் புஷ். மாதிரி வாங்கினால் முழு உயரத்தில் வைத்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள்.

குழாயின் அடிமுனை பேஸின் நடுவில் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். தரைக்கும் அதற்கும் ஒரு செ.மீ. இடைவெளியாவது இருக்கட்டும், இல்லையென்றால் கதவு நிலையில் இடிக்கும்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் கட்டாயம் வரப்போகும் புகார்: “உட்கார்ந்தால் மெல்ல இறங்குகிறது.” உடனே லிஃப்டை மாற்றாதீர்கள். லிஃப்டின் தலையில் இருக்கும் பட்டனுக்கும் மெக்கானிசத்தின் அழுத்துத் தகட்டுக்கும் நடுவில் 1–2 மி.மீ. வெற்றிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் தகடு எப்போதும் பட்டனைத் தொட்டபடி இருந்து வால்வைக் கசியவிடும். லீவரைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். இறக்கம் நின்றால் குற்றம் தகட்டில். நிற்காவிட்டால் உள் வால்வின் சீல் போய்விட்டது; அதைப் பழுதுபார்க்க முடியாது, மாற்றுவதுதான். லீவரை அழுத்தினால் வெறும் இருக்கை மேலே வரவே இல்லை என்றால் வாயு வெளியே போய்விட்டது. உள்ளே இருப்பது உயர் அழுத்த நைட்ரஜன். துளைக்கவோ, வெட்டவோ, சூடாக்கவோ கூடாது.

லிஃப்டும் மெக்கானிசமும் வெவ்வேறு இடத்தில் வாங்கினால் பட்டன் உயரம் ஒத்துப்போகாமல் இந்தப் புகார் முதல் நாளே வரும். மேல் டேப்பர் (கூம்பாகச் சிறுக்கும் முனை) 28 மி.மீ., கீழ் டேப்பர் 50 மி.மீ. என்று பொதுவாக எல்லாம் ஒன்றுபோல் இருப்பதால் மாட்ட முடிந்துவிடும். பொருந்திவிட்டது என்று நினைத்துவிடுவோம்.

#10 பஞ்சுமெத்தை

ஃபோம் பற்றி. 50 மி.மீ. என்றீர்கள், என்ன அடர்த்தி? வெட்டிய ஸ்லாப் ஃபோம் 28–30 கிலோ அடர்த்தியில் போட்டால் தினசரிப் பயன்பாட்டில் உட்காரும் எலும்புக்குக் கீழே குழி விழும். பிறகு ஆள் பலகையில் உட்காருகிறார். அச்சில் வார்த்த குளிர்முறைப் பியூ (பாலியூரித்தேன்) ஃபோம், கன மீட்டருக்கு 50–60 கிலோ என்று கேளுங்கள். அடர்த்தி வேறு, கடினம் வேறு: அடர்த்தி எவ்வளவு காலம் உழைக்கும் என்பதைச் சொல்லும், கடினம் எப்படி உணரும் என்பதைச் சொல்லும். ‘கெட்டியான ஃபோம்’ என்று மட்டும் கேட்டால், அடர்த்தி குறைந்த, கடினம் கூடிய சரக்கைத் தலையில் கட்டுவார்கள். கையால் அழுத்திப் பார்த்தால் தெரியாது; நிறுத்துப் பார்க்க வேண்டும்.

பலகையில் டி-நட்டை மேலிருந்து, ஃபோம் ஒட்டுவதற்கு முன் அடியுங்கள். அதன் தட்டு ஃபோம் பக்கம் இருந்தால்தான் போல்ட் இறுக்கும்போது மரத்துக்குள் இழுபடும். போல்ட் நீளம்: மெக்கானிசத் தகடு 3, வாஷர் 1.5, பலகை 12, மொத்தம் 16.5 மி.மீ. 16 மி.மீ. போல்ட் போதும். 25 போட்டால் ஃபோமுக்குள் எட்டரை மி.மீ. நீட்டி ஆறே மாதத்தில் தொடையில் தெரியும். நீல நிற நடுத்தரத் திரெட் லாக் (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விடுங்கள். சாயும் நாற்காலியில் அது இல்லாமல் போல்ட் தளரும்.

#11 வலைக்கண்

ஃபோமுக்குப் பதில் இருக்கைக்கும் மெஷ் போடலாமே? முதுகுக்கு எப்படியும் மெஷ்தானே.

#12 பஞ்சுமெத்தை

முதுகுக்குத் தாராளமாக. இருக்கைக்கு வேண்டாம், இந்தப் பட்டறை அளவில் வேண்டாம். இருக்கை மெஷ்ஷுக்கு மீள்தன்மை உள்ள பிரத்யேக இழை, நான்கு பக்கமும் சரியான இழுவிசையில் சட்டத்தோடு சேர்த்து வார்ப்பது எல்லாம் வேண்டும். சாதாரண பாலியஸ்டர் மெஷ் தொட்டில் போல் தொங்கும். தொங்கியதும் முன் சட்டம் தொடையில் குத்தும். சட்டத்தின் முன்விளிம்பில் அமுங்கும் துண்டு வைத்தே தீர வேண்டும்.

#13 மழைக்காலம்

பியூ விஷயத்தில் ஒன்று. கைதாங்கியின் மெத்தென்ற பேட், மென்சக்கரத்தின் மேற்பூச்சு, ரெக்சின் போன்ற பியூ உறை மூன்றும் ஒரே நோயில் போகும்: ஈரக்காற்றில் நீராற்பகுப்பு. பாலியஸ்டர் அடிப்படையிலான பியூ பிசுபிசுத்து, பிறகு பொடியாக உதிரும். உபயோகிக்காமல் கிடங்கில் மூடி வைத்திருந்தாலும் உதிரும். பாலியீதர் அடிப்படையிலானது ஈரத்தைத் தாங்கும். சக்கரம் வாங்கும்போது இதை எழுத்தில் கேளுங்கள். உறைக்கு நெய்த துணியே மேல்.

சக்கரம் தேர்வு: கம்பளத்துக்குக் கடின நைலான், டைல்ஸுக்கும் மரத்தரைக்கும் மென்பூச்சு. மாற்றிப் போட்டால் டைல்ஸில் நாற்காலி ஓடிப்போகும், உட்காரும்போது பின்னால் நகர்ந்து விழவைக்கும். சக்கரத்தின் தண்டு 11 மி.மீ. தான் பரவலாகக் கிடைப்பது. பேஸ் வாங்கும்போதே ஓட்டையை அளந்துவிடுங்கள்.

#14 பட்டறைவாசி

அனைவருக்கும் நன்றி. இப்போது வைத்திருக்கும் திட்டம்: 2:1 சிங்க்ரோ, அச்சுகள் நெம்புகோல் அண்ணன் சொன்ன இடத்தில். விசைக்கை மாறும் டென்ஷன். பலகை ஆழம் 43, ஸ்லைடர் 6 செ.மீ.; ஆக லம்பார் முகத்திலிருந்து 40 முதல் 46 வரை. லம்பார் பேடைத் தனியாக நகர்த்தாமல், முழு முதுகையும் ராட்செட்டில் (பல்படிப் பூட்டில்) 7 செ.மீ. ஏற்றி இறக்குவது.

இரண்டு கேள்வி. ஸ்லைடர் தகடு 16 மி.மீ. உயரம் சேர்க்கிறது, 40 செ.மீ. இலக்கு தவறுகிறது. அடுத்து, டேப்பரில் கிரீஸ் தடவலாமா?

#15 முதுகுத்தண்டு

முழு முதுகும் ஏறி இறங்குவது நல்ல யோசனை. பேடின் புடைப்பு எடை ஏறிய இருக்கையிலிருந்து 16–23 செ.மீ. உயரத்துக்குள் நகரும்படி வையுங்கள். அதற்குக் கீழே பிட்டத்துக்கு இடம் காலியாக விடுங்கள். அங்கே முதுகு நேராக இறங்கி வந்தால் பிட்டம் முட்டி, ஆள் முன்னால் தள்ளப்படுவார்.

#16 லிஃப்ட்காரர்

டேப்பரில் எண்ணெய், கிரீஸ் எதுவும் கூடாது. உராய்வில்தான் அது நிற்கிறது. துடைத்து உலர வைத்து மாட்டி, ஒருவர் ஓங்கி உட்கார்ந்தால் பிடித்துக்கொள்ளும். கிரீஸ் வேண்டியது குழாயின் அடியில் இருக்கும் த்ரஸ்ட் பேரிங்குக்கு மட்டும். சுழலும்போது கரகரப்பு அங்கிருந்துதான் வரும்.

உயரத்துக்கு: சக்கரம் 60-க்குப் பதில் 50 மி.மீ. போட்டால் பத்து மி.மீ. திரும்பக் கிடைக்கும். மிச்ச 6-ஐ வெளிக்குழாயில் குறையுங்கள், அதற்கு மேல் போகாதீர்கள்.

#17 நெம்புகோல்

ஸ்லைடர் பூட்டை மட்டும் பார்த்து வாங்குங்கள். லீவர் ஒருபக்கம் இருந்தாலும் பூட்டுப் பல் இரண்டு ரெயிலிலும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். ஒரே ரெயிலில் விழும் வகையில் இருக்கை மறுபக்கம் முறுக்கிக்கொண்டு கிரீச்சிடும். சிக்கனம் பயந்தது அந்த வகைக்குத்தான். முழுக்க முன்னால் இழுத்து, முன் மூலையில் ஒருவர் உட்கார்ந்த நிலையில் பக்கவாட்டு ஆட்டம் ஒரு மி.மீ.க்கு மேல் இருந்தால் அந்தச் சரக்கைத் திருப்பிவிடுங்கள்.